கிட்னி பழுதானவர்கள் ஹார்மோன் ஊசி போடலாமா? பயப்பட வேண்டியது ஊசிக்கா, வேறு எதற்கா?

"கிட்னி வீக்கா இருக்குன்னு சொல்றாங்க... இந்த ஊசியைப் போட்டா உடம்பு தாங்குமா?"

திருவொற்றியூரில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 70. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். புராஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார். இந்த முறை ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.4 என்று வந்துவிட்டது. மகளும் மருமகளும் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் முதல் கேள்வி அதுதான். பெரும்பாலும் பதிலும் வீட்டிலேயே முடிவாகிவிடும். "இந்தத் தடவை ஊசி வேணாம். கிட்னி சரியாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

ஆனால், முழங்கால் வலிக்காகத் தெருமுனை மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரை மட்டும் நிற்காது. அது பல வருடப் பழக்கம்.

நடக்க வேண்டியது இதற்கு நேர் எதிர். ஹார்மோனை அடக்கும் ஊசிகளில் பெரும்பாலானவை சிறுநீரகத்தை நம்பி இருப்பவை அல்ல. கிட்னி பலவீனமானவர்களுக்கும் அதே அளவில் போடலாம். ஆபத்து இருப்பது அந்த ஊசியைச் சுற்றி நடக்கும் மற்ற விஷயங்களில்தான். முதல் இரண்டு வாரங்கள், கூடவே போடும் எலும்பு ஊசி, வலி மாத்திரை, ஒருவர் எழுதிய சீட்டை இன்னொரு டாக்டர் பார்க்காமல் போவது என்று அது ஒரு தனிக் கதை.

ஹார்மோனை ஏன் அடக்க வேண்டும்?

புராஸ்டேட் சுரப்பி ஆண்களுக்கு மட்டுமே உள்ளது. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும். அதில் வரும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்தான் தீனி. தீனியை நிறுத்தினால் கட்டி சுருங்கும். 1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் இதை நிரூபித்தார். அதற்காக 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்று இருந்த ஓர் உறுதியான வழி, விதைகளை அறுவை சிகிச்சை செய்து எடுப்பது. அந்தச் சிகிச்சை இன்றும் வழக்கில் இருக்கிறது. ஒரே முறையில் முடிந்துவிடும், செலவு குறைவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலைய வேண்டாம். கேட்கும்போது மனசு ஒப்பாது என்றாலும், யோசித்துப் பார்த்து அதையே தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு.

ஊசிக்கு வழி பிறந்தது 1971-ல். மூளையின் அடிப்பகுதியிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் கட்டளை ஹார்மோனின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலியின் குழு கண்டுபிடித்தது. மிகச் சிறிதளவு ஹார்மோனைப் பிரித்தெடுக்கவே லட்சக்கணக்கான பன்றிகளின் மூளைத் துணுக்குகள் தேவைப்பட்டன. ஷாலிக்கும், ஆட்டு மூளைகளில் அதே வேலையைச் செய்த ரோஜர் கில்லெமினுக்கும் 1977-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தக் கட்டளை ஹார்மோனின் நகலாகச் செய்யப்பட்டவைதான் இன்று போடப்படும் லூப்ரோலைடு, கோசெரெலின் போன்ற ஊசிகள். மாதம் ஒருமுறை, மூன்று மாதம், ஆறு மாதம் என்று பல அளவுகளில் கிடைக்கின்றன.

கட்டளையின் நகலைப் போட்டால் ஹார்மோன் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறைகிறது? ஹார்பர் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி வந்து அவ்வப்போது ஹாரன் அடித்தால் காவலர் கேட்டைத் திறப்பார். ராத்திரி பகலாக ஒரே லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றால்? முதலில் அவசரமாகத் திறப்பார். பிறகு காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். பிட்யூட்டரியும் அப்படித்தான். தொடர்ந்து கட்டளை வந்துகொண்டே இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் அது வேலையை நிறுத்திவிடும். டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

கிட்னிக்கு இந்த ஊசி சுமையா?

பல மருந்துகள் சிறுநீர் வழியாகத்தான் உடலை விட்டு வெளியேறும். கிட்னி பழுதானால் அவை ரத்தத்தில் தேங்கி விஷமாகும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால், லூப்ரோலைடு ஒரு சின்னப் புரதத் துண்டு. அதை உடலே உடைத்துவிடும். சிறுநீரில் வெளியேறும் பங்கு 5 சதவிகிதத்துக்கும் குறைவு.

கோசெரெலின் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் சிறுநீரகத்துக்கு உண்மையிலேயே பங்கு உண்டு. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய சாதாரணமாக 4 மணி நேரம் ஆகும் என்றால், கிட்னி மிகவும் பழுதானவர்களுக்கு 12 மணி நேரம் ஆகிறது. கேட்டதும் பகீர் என்று இருக்கும். ஆனால், இது 28 நாள்களுக்கு ஒருமுறை போடும் மருந்து. 12 மணி நேரம் என்றாலும் அடுத்த ஊசிக்குள் மிச்சம் தேங்குவதில்லை. அதனால் அளவைக் குறைக்கத் தேவையில்லை என்றே மருந்தின் குறிப்பு சொல்கிறது.

மாத்திரைகளில் பைகலூட்டமைடு ஈரலை நம்பி இருப்பது. கிட்னிக்காக அளவை மாற்றுவதில்லை. அபிராடெரோன் என்ற மாத்திரையை டயாலிசிஸில் இருப்பவர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடவில்லை. என்சாலூட்டமைடு மட்டும் கிட்னி மிகவும் பழுதானவர்களிடம் போதிய அளவு ஆராயப்படவில்லை. அதை எழுதும்போது டாக்டர்கள் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிப்பார்கள்.

முதல் இரண்டு வாரங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்கு கிட்னி பழுதாகிறது என்றால், பல நேரங்களில் காரணம் சர்க்கரையோ பிரஷரோ அல்ல, அந்தப் புற்றுநோயே. இரண்டு சிறுநீரகங்களிலிருந்தும் இறங்கி வரும் குழாய்கள் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியில்தான் நுழைகின்றன. புராஸ்டேட் அதற்கு ஒட்டிய இடம். கட்டி வளர்ந்து அந்த வாய்களை அடைத்தால் சிறுநீர் மேலே தேங்கும், கிட்னி வீங்கும், கிரியாட்டினின் ஏறும். சாதாரண வயிற்று ஸ்கேனிலேயே இந்த வீக்கம் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்டவருக்கு ஹார்மோனை அடக்குவது கிட்னிக்கே வைத்தியம். கட்டி சுருங்கினால் அடைப்பு விலகலாம், கிரியாட்டினின் இறங்கலாம். கிட்னி சரியானதும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பது, இவர்கள் விஷயத்தில் கிணறு வெட்டிய பிறகு தாகம் எடுக்கட்டும் என்பது போல. ஊசி போடாமல் கிட்னி சரியாகாமலே போகலாம்.

அதே சமயம் இன்னொன்றும் உண்டு. காவலர் முதலில் அவசரமாகக் கேட்டைத் திறப்பார் என்றோமே, அந்தக் கட்டம். ஊசி போட்ட முதல் ஒன்றிரண்டு வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்குப் பதில் தற்காலிகமாக எகிறும். கட்டி கொஞ்சம் பொங்கும். மற்றவர்களுக்கு அது கூடுதல் எலும்பு வலியோடு போய்விடலாம். ஏற்கெனவே பாதி அடைத்திருக்கும் குழாய் உள்ளவருக்கு, அந்தக் கொஞ்சமே முழு அடைப்பாகிவிடக்கூடும். சிறுநீர் சட்டென்று குறைந்துவிடும். முதுகெலும்பில் கட்டி பரவியவர்களுக்குக் கால்களே செயலிழக்கும் ஆபத்தும் இதே நாள்களில்தான்.

இதைத் தடுக்க வழிகள் இருக்கின்றன. பைகலூட்டமைடு போன்ற மாத்திரையை ஊசிக்கு முன்பிருந்தோ ஊசியோடு சேர்த்தோ தொடங்கிச் சில வாரங்கள் தருவது ஒன்று. டெகாரெலிக்ஸ் என்ற வேறு வகை ஊசி இன்னொன்று. அது கட்டளையின் நகல் அல்ல, கேட்டையே பூட்டிவிடுகிற மருந்து. எகிறல் இல்லாமல் மூன்றே நாள்களில் ஹார்மோன் இறங்கிவிடும். அறுவை சிகிச்சை என்றால் ஒரே நாள். அடைப்பு ஏற்கெனவே மோசமாக இருந்தால், முதலில் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தோ முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குக் குழாய் போட்டோ சிறுநீரை வெளியேற்றிவிட்டு மற்றதைத் தொடங்குவார்கள்.

ஆக, முதல் ஊசிக்கு முன் குடும்பத்தார் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "கிட்னி தாங்குமா?" என்பதல்ல. "கிட்னியில் வீக்கம் இருக்கிறதா, ஸ்கேன் பார்த்தாயிற்றா, ஊசிக்கு முன்னால் மாத்திரை ஏதாவது உண்டா?" என்பதுதான். ஊசி போட்ட பிறகு சிறுநீர் குறைந்தாலோ, கால் மரத்துப்போனாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

எலும்பு ஊசியில் கவனம்!

ஹார்மோன் குறைந்தால் எலும்பு தேயும். ஆணுக்கும் அப்படித்தான், பெண்ணுக்கும் அப்படித்தான். எலும்புக்குப் புற்றுநோய் பரவியிருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஹார்மோன் சிகிச்சையோடு எலும்பைப் பலப்படுத்தும் ஊசி ஒன்றும் பல நேரங்களில் சேர்ந்தே வரும். வீட்டில் இரண்டையும் சேர்த்து 'கேன்சர் ஊசி' என்றே சொல்வார்கள். ஆனால், கிட்னி விஷயத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

பரவலாகப் போடப்படும் சோலட்ரானிக் ஆசிட் நேராக சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. கிட்னியைக் காயப்படுத்தவும் கூடியது. வழக்கமான அளவு 4 மில்லிகிராம். கிட்னியின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிக்குக் கீழே போனாலே அளவு 3.5, 3.3, 3 என்று படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டும். 30-க்குக் கீழே போனால் போடுவதே பரிந்துரைக்கப்படுவதில்லை. போடும்போதும் 15 நிமிடங்களுக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். மேலே சொன்ன திருவொற்றியூர் பெரியவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 70 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 2.4 என்றால் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 28. ஹார்மோன் ஊசி அவருக்கு ஆகும். இந்த ஊசி ஆகாது. வீட்டில் அவர்கள் நிறுத்த நினைத்தது ஹார்மோன் ஊசியை!

மாற்றாக வரும் டெனோசுமாப் சிறுநீரகத்தை நம்பியதல்ல. அதனால் கிட்னி நோயாளிக்குப் பாதுகாப்பானது என்றுதான் தோன்றும். அங்கே வேறொரு பள்ளம். அது ரத்தத்தில் கால்சியத்தை அபாயகரமாகக் கீழே இழுத்துவிடலாம். கிட்னி முற்றிலும் பழுதானவர்களிடம், குறிப்பாக டயாலிசிஸில் இருப்பவர்களிடம், உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இது நடந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜனவரியில் எலும்புத் தேய்மானத்துக்கான டெனோசுமாப் ஊசிக்குத் தன் உச்சபட்ச எச்சரிக்கையைச் சேர்த்தது. போடவே கூடாது என்பதல்ல. கால்சியம், வைட்டமின் டி, பாராதைராய்டு அளவுகளைப் பார்த்துவிட்டு, சிறுநீரக மருத்துவரின் மேற்பார்வையில் போட வேண்டும். உதடு, விரல் நுனிகளில் குத்துவது போன்ற உணர்வு, தசைப் பிடிப்பு எல்லாம் கால்சியம் இறங்குவதன் அறிகுறிகள்.

மூட்டை தூக்கிய முழங்கால்

காசிமேட்டில் வலை இழுத்தவர், துறைமுகத்தில் சுமை தூக்கியவர், எண்ணூரில் உலைப் பக்கம் நின்றவர், உப்பளத்தில் வேலை பார்த்தவர்... இந்தப் பகுதியில் வயதான உடம்புகளுக்கு ஒரு பொது வரலாறு உண்டு. வெயிலிலும் உலைச் சூட்டிலும் பல வருடம் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் போதாமல் உழைத்த உடம்புகள் அவை. சூட்டில் செய்யும் கடும் உழைப்புக்கும் கிட்னி பாதிப்புக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடமே ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அதோடு மூட்டுவலி. அதற்கு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென். கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை இந்த மாத்திரைகள்தான். ஏற்கெனவே பழுதான கிட்னிக்கு இவற்றைவிட ஹார்மோன் ஊசி எவ்வளவோ மேல்.

ஹார்மோன் சிகிச்சை கிட்னிக்குத் தொடர்பே இல்லாதது என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 10,250 புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளிவந்தது. ஹார்மோன் அடக்கும் சிகிச்சையில் இருந்தவர்களுக்குத் திடீர் கிட்னி பாதிப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால், வழி புரிந்துகொள்ள முடியாததல்ல. டெஸ்டோஸ்டிரோன் இறங்கினால் தொப்பை விழும், தசை குறையும், சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். சர்க்கரை ஏறினால் அது கிட்னியில் போய் விடியும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினையோ, வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும். அதனால் ஊசி தொடங்கிய பிறகு சர்க்கரை, பிரஷர், கிரியாட்டினின் மூன்றையும் மாதக்கணக்கில் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு சிக்கல். ஊசி போட்ட ஆண்களுக்கும், மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களைப் போல, திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். மே மாதத்தில், கரன்ட் போன ராத்திரியில், அதுவும் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்ட டயாலிசிஸ் நோயாளிக்கு அது நரகம். இதற்குச் சில நேரங்களில் கேபாபென்டின் மாத்திரை எழுதப்படுவதுண்டு. அது முழுக்க முழுக்க சிறுநீர் வழியாகவே வெளியேறும் மருந்து. கிட்னிக்கு ஏற்ப அளவைக் குறைக்காவிட்டால் ஆள் தூங்கி வழிவார், தள்ளாடுவார், விழுவார். ஏற்கெனவே தேய்ந்த எலும்பு. அப்புறம் இடுப்பு எலும்பு முறிவில்தான் போய் நிற்கும். அப்பா ரெண்டு நாளா பகல்லயும் தூங்கிட்டே இருக்காரு என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல், புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது என்று பார்ப்பது நல்லது.

ரத்தசோகையும் இங்கே இரட்டை அடி. ரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லும் எரித்ரோபாய்டினைச் சுரப்பது சிறுநீரகம். அதற்குத் துணை நிற்பது டெஸ்டோஸ்டிரோன். இரண்டும் குறைந்தால் படி ஏறினாலே மூச்சு வாங்கும். டயாலிசிஸ் நிலையத்தில் எரித்ரோபாய்டின் ஊசி போடுவது வழக்கம். ஆனால், புற்றுநோய் உள்ளவர்களுக்கு அதைப் போடுவதில் தனி எச்சரிக்கைகள் உள்ளன. ரத்தம் உறைவது, கட்டி வளர்வது போன்றவை. அதனால் டயாலிசிஸ் டாக்டருக்குப் புற்றுநோய் விஷயமும், புற்றுநோய் டாக்டருக்கு அந்த ஊசி விஷயமும் தெரிந்திருக்க வேண்டும்.

குறைந்த கிரியாட்டினின், நல்ல செய்தியா?

ஒரு வருடம் ஹார்மோன் ஊசி போட்டவருக்குக் கிரியாட்டினின் 2.4-லிருந்து 2.0 ஆகிவிட்டது. வீட்டில் சந்தோஷம். அது உண்மையான முன்னேற்றமாகவும் இருக்கலாம், வெறும் கண்கட்டாகவும் இருக்கலாம். கிரியாட்டினின் தசையிலிருந்து உருவாவது. ஹார்மோன் இறங்கித் தசை கரைந்துவிட்டால், கிட்னி அப்படியே இருந்தாலும் எண் குறையும். கை கால் மெலிந்துபோன ஒருவருக்கு எண்ணை மட்டும் நம்பி மருந்தின் அளவைக் கூட்டிவிடக் கூடாது. தசையைப் பெரிதாகச் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை இருக்கிறது. செலவு கொஞ்சம் கூடுதல். சந்தேகம் வரும்போது டாக்டரிடம் கேட்கலாம்.

இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி பக்கம். சிறுநீரகப் பிரிவும் சிறுநீரியல் பிரிவும் அங்கேயே இருக்கின்றன. ஆனால், புற்றுநோய் சிகிச்சைக்கு பார்க் டவுன் அரசுப் பொது மருத்துவமனைக்கோ, ராயப்பேட்டைக்கோ, நகரின் மறுகோடியில் இருக்கும் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ போகிறவர்கள் பலர். (ராயபுரம் என்றும் ராயப்பேட்டை என்றும் குழம்பிப் பஸ் ஏறுவது இந்த ஊரின் பழைய வியாதி.) விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரியில். பயணம் கொஞ்சம் எளிதானது. ஆனாலும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவருக்கு மீதி நாள்களில் இன்னொரு மருத்துவமனை வரிசை என்பது பெரிய பாடு.

இதன் விளைவு, ஒருவர் உடம்பில் இரண்டு சீட்டுகள். அவை சந்தித்துக்கொள்வதே இல்லை. வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும், லேகியம் சூரணம் உட்பட, ஒரே பையில் போட்டு இரண்டு இடத்திலும் மேஜையில் கொட்டிக் காட்டுவதைவிடச் சிறந்த வழி இல்லை. கூச்சப்பட வேண்டாம். அதோடு கடைசி கிரியாட்டினின் ரிப்போர்ட்டும், ஹார்மோன் ஊசி போட்ட தேதிகளும் மொபைலில் போட்டோவாக இருந்தால் போதும்.

செலவுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. டயாலிசிஸும் புற்றுநோய் சிகிச்சைகளும் அதில் வருகின்றன. குறிப்பிட்ட ஊசி அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிடுவது நல்லது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது.

பெண்களுக்கு?

மார்பகப் புற்றுநோயில் அடக்கப்படுவது ஈஸ்ட்ரோஜென். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், டமாக்சிஃபென் ஆகிய மூன்றும் பரிச்சயமான பெயர்கள். கிட்னி ஓரளவு பழுதானவர்களுக்கு இவற்றின் அளவை மாற்ற வேண்டியதில்லை. லெட்ரோசோலுக்கு, வடிகட்டும் திறன் 10 வரை இறங்கினாலும் அதே அளவுதான். எலும்பு ஊசி பற்றி மேலே சொன்ன எல்லாம் இவர்களுக்கும் பொருந்தும். டமாக்சிஃபெனில் மட்டும் ஒரு கூடுதல் கவனம். அது ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். சிறுநீரில் புரதம் அதிகமாகப் போகும் கிட்னி நோயிலும் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அலட்சியம் கூடாது.

கிட்னியோடு நேரடியாக மோதும் ஹார்மோன் மாத்திரை

எல்லா ஹார்மோன் மருந்துகளும் கிட்னிக்குச் சாதுவானவை என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரை ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தடுப்பது. இதய பலவீனத்துக்கும், கால் வீக்கத்துக்கும், இளம்பெண்களுக்கு முகத்தில் முடி வளர்வதற்கும்கூடத் தரப்படுகிறது. இது உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். கிட்னி பழுதானவருக்கு அந்தப் பொட்டாசியம் வெளியேறவும் வழியில்லை. அளவு மீறினால் இதயம் நின்றுவிடும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்தது இதற்குப் பாடம். இதய நோயாளிகளுக்கு இந்த மாத்திரை உயிர் காக்கிறது என்று 1999-ல் ஓர் ஆய்வு சொன்னதும், டாக்டர்கள் தாராளமாக எழுதத் தொடங்கினார்கள். 1994-ல் 1,000 நோயாளிகளுக்கு 2.4 பேர் என்று இருந்த பொட்டாசியம் ஏறிய மருத்துவமனைச் சேர்க்கை, 2001-ல் 11 பேராக உயர்ந்தது. மாத்திரை நல்லதுதான். யாருக்கு, எந்தக் கிட்னியோடு, எந்தப் பரிசோதனையோடு என்பது விட்டுப்போனது. வெயில் காலத்தில் இளநீர் நல்லது என்று இரண்டு வேளை குடிக்கும் கிட்னி நோயாளி, கூடவே இந்த மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

புராஸ்டேட் நோயாளிகள் சாப்பிடும் அபிராடெரோன் இதற்கு நேர் எதிர்ப்புறம் இழுக்கும். பொட்டாசியத்தை இறக்கும், உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரை ஏற்றும். அதற்காகவே கூட ஒரு ஸ்டீராய்டு தருவார்கள். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத காசிமேட்டு வீடுகளில் இந்தப் பத்தியம் கஷ்டம்தான், ஆனால் உப்பைக் குறைத்தே ஆக வேண்டும். இந்தக் கால் வீக்கத்துக்கு ஸ்பைரனோலாக்டோன் சரிப்படாது. அது புராஸ்டேட் புற்றுநோயையே தூண்டிவிடக்கூடும் என்பதால் வேறு மாத்திரை தேர்ந்தெடுப்பார்கள். அபிராடெரோனை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த உணவுக்கு 1 மணி நேரம் முன்பு. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு சாப்பிட்டால் ரத்தத்தில் மருந்து 10 மடங்கு வரை ஏறிவிடும்.

கிட்னி நோய் வந்த இளம்பெண்ணுக்கு இதே ஊசி

இதுவரை பார்த்தது பெரும்பாலும் வயதானவர்கள். ஆனால், புற்றுநோயே இல்லாத 22 வயதுப் பெண்ணுக்கும் லூப்ரோலைடு எழுதப்படுவது உண்டு. சீட்டைக் கொண்டுபோய் இணையத்தில் தேடிப் பார்த்து, 'புராஸ்டேட் கேன்சர் ஊசியை ஏன் என் பெண்ணுக்குப் போடுறாங்க?' என்று தாய்மார்கள் பதறுவது இங்கேதான்.

லூபஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும். பெரும்பாலும் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு வருவது. அது சிறுநீரகத்தைத் தாக்கும்போது கிட்னியைக் காப்பாற்றச் சிலருக்கு சைக்ளோபாஸ்பமைடு என்ற கடுமையான மருந்தை மாதாமாதம் ஏற்ற வேண்டிவரும். கிட்னி பிழைக்கும். ஆனால், அந்த மருந்து கருமுட்டைகளை அழிக்கும். 30 வயதுக்குள் மாதவிடாய் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். கிட்னியைக் காப்பாற்றிக்கொடுத்துவிட்டு, கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இதைச் சொல்வது எந்த டாக்டருக்கும் எளிதல்ல.

லூப்ரோலைடு சினைப்பையைத் தற்காலிகமாகத் தூங்கவைத்துவிடும். தூங்கும் சினைப்பையை சைக்ளோபாஸ்பமைடு அவ்வளவாகத் தாக்காது என்பதுதான் எண்ணம். 2005-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஊசி போட்ட 20 பெண்களில் ஒருவருக்கு மட்டுமே சினைப்பை செயலிழந்தது. போடாத 20 பேரில் அப்படி ஆனவர்கள் 6 பேர். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அமெரிக்க வாத நோய் மருத்துவர்கள் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மாதாமாதம் சைக்ளோபாஸ்பமைடு ஏற்றும் பெண்களுக்கு இந்த ஊசியைப் பரிந்துரைத்திருக்கிறது.

இங்கும் அந்த முதல் இரண்டு வாரக் கணக்கு வருகிறது. ஊசி போட்டவுடன் சினைப்பை முதலில் துள்ளி எழும். அந்த நேரத்தில் சைக்ளோபாஸ்பமைடு ஏறினால் பாதுகாப்புக்குப் பதில் பாதிப்புதான் கூடும். அதனால் அடுத்த டோஸுக்கு 10 முதல் 14 நாள்களுக்கு முன்பே லூப்ரோலைடைப் போட்டுவிட வேண்டும். கிட்னி நிலைமை அவசரம் என்றால் முதல் டோஸுக்குக் காத்திருக்க முடியாது. அப்போது முதல் டோஸை ஏற்றிவிட்டு, இரண்டாவது டோஸுக்கு முன்னால் ஊசியைப் பொருத்துவார்கள்.

இந்தப் பேச்சை டாக்டரே தொடங்குவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டான்லியில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. அதோடு இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம் மகப்பேறு மருத்துவமனை ராயபுரத்திலேயே இருக்கிறது. முதல் சைக்ளோபாஸ்பமைடு தேதி குறிக்கும் அன்றே, "எதிர்காலத்தில் குழந்தை வேண்டும்" என்று அந்தப் பெண்ணோ அவள் அம்மாவோ சொல்லிவிட்டால், மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பிப் பேசுவதற்கு நாள் இருக்கும்.